தராசு யார் கையில்? – பழைய ஜப்பானிய ஆட்டமும் மலைத்தோட்ட உழைப்பும் ஒன்றல்ல

பழைய ஜப்பானியப் பாத்திர ஆட்டங்களைப் பற்றி ஒரு கூற்று கருத்தரங்குகளிலும் ஆய்வுச் சுருக்கங்களிலும் வெவ்வேறு சொற்களில் திரும்பத் திரும்ப வருகிறது. ஒரே அரக்கனை நூறு முறை கொன்று, புள்ளி சேர்த்து, ஒரு படி ஏறி, மீண்டும் அதே அரக்கனிடம் திரும்பும் அந்த ஆட்டமுறை உழைப்பின் ஒத்திகை என்பதே அக்கூற்று. 'கிரைண்டிங்' என்று ஆட்டக்காரர்கள் அழைக்கும் இந்த அரைத்தல், தொழிலாளியைப் பணிவுக்குப் பழக்கும் முதலாளியத்தின் மறைமுகப் பள்ளி என்று முடிவு கட்டப்படுகிறது. கேட்பவர் தலையசைக்கிறார். அடுத்த கட்டுரை தொடங்குகிறது.

இக்கூற்றைச் சோதிக்கத் தகுந்த இடம் ஒன்று உண்டு. இடுக்கி மாவட்டத்தின் தேவிகுளம் வட்டத்தில், மூணாற்றிலிருந்து அடிமாலிக்கு இறங்கும் சாலையில் இருக்கிறது பள்ளிவாசல். ஒருபுறம் தேயிலைச் சரிவுகள்; மறுபுறம் முதிரப்புழை நீரில் 1940-இல் இயங்கத் தொடங்கிய, இன்றைய கேரளத்தின் முதல் நீர்மின் நிலையம். திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரம் பகுதிகளிலிருந்து கங்காணிகளால் மலையேற்றப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் இங்கும் சுற்றுவட்டத் தோட்டங்களிலும் லயங்களில் வாழ்கிறார்கள். வீட்டில் பேசும் மொழி தமிழ். அலுவலக மொழி மலையாளம். திரும்பத் திரும்பச் செய்தல் என்றால் என்ன என்பதை இம்மலைக்கு எந்தக் கோட்பாட்டு நூலும் கற்பிக்கத் தேவையில்லை. அந்தக் கூற்று இங்கே நிற்குமா?

நிற்காது. ஏன் நிற்காது என்பதைக் காட்டவும், அதைச் சொல்பவர்களில் பலர் தாங்கள் பேசும் ஆட்டத்தை ஒருமுறையேனும் முடித்ததில்லை என்பதால் விளையும் ஆய்வுக் கேட்டைச் சுட்டவுமே இப்பதிவு.

முதலில் பொருளைச் சரியாக அறிய வேண்டும். 1986 மே 27-இல் எனிக்ஸ் நிறுவனம் ஜப்பானில் நிண்டெண்டோவின் ஃபேமிகாம் கருவிக்காக வெளியிட்ட ஆட்டம் 'டிராகன் குவெஸ்ட்'. வடிவமைத்தவர் யூஜி ஹோரீ. நிரலாக்கத்தை வழிநடத்தியவர் கோயிச்சி நகாமுரா. அரக்கர்களை வரைந்தவர் அகிரா தொரியாமா. இசை கோயிச்சி சுகியாமா. முழு ஆட்டமும் 64 கிலோபைட்டுக்குள் அடங்கியது. இன்று செல்பேசியில் எடுக்கும் ஒரு சாதாரண ஒளிப்படம் அதைப்போலப் பல மடங்கு பெரிது. எழுத்துகளுக்குக்கூட இடம் போதவில்லை. கன்ஜி எழுத்துகள் முழுவதுமாகக் கைவிடப்பட்டன; கத்தகானா எழுத்துகளில் ஒரு பகுதி மட்டுமே சேர்க்கப்பட்டது; அரக்கர்களின் பெயர்களும் மந்திரங்களின் பெயர்களும் அந்தச் சில எழுத்துகளைக் கொண்டே அமைக்கப்பட்டன. சொல்லை எழுத்தே தீர்மானித்த நூல் இது. யாப்பு கற்ற எவருக்கும் இத்தகைய கட்டுப்பாடு புதிதன்று.

அக்காலத்தில் அமெரிக்கக் கணினிகளில் 'விசார்ட்ரி', 'அல்டிமா' போன்ற ஆட்டங்கள் புகழ்பெற்றிருந்தன. அவை தேர்ந்தவர்களுக்கானவை. வரைபடத்தாளில் வழி வரைந்து, விதிநூலைக் கரைத்துக் குடித்து ஆட வேண்டியவை. ஹோரீ அவற்றின் சாரத்தை எடுத்து, கணினியே இல்லாத வீட்டுச் சிறுவனும் ஆடும்படி மாற்றினார். மாற்றத்தின் மையம் அனுபவப் புள்ளி. கைவேகம் தேவைப்படும் ஆட்டங்களில் விரல் மந்தமானவன் தோற்றுக்கொண்டே இருப்பான். இந்த ஆட்டத்தில் விரல் மந்தமானவனும் பொறுமையாக மோதிக்கொண்டிருந்தால் ஒருநாள் வலுப்பெறுவான். எவர் கைவிடவில்லையோ அவர் முடிப்பார் என்ற உறுதிமொழியே இந்த ஆட்டமுறையின் அடித்தளம்.

தோல்வியை அது எவ்வாறு நடத்துகிறது என்பதையும் காண வேண்டும். வீரன் இறந்தால் அரசன் முன்னிலையில் மீண்டும் எழுகிறான். அரசன் கடிந்துகொள்கிறான். கையிலிருந்த பொன்னில் பாதி போய்விடுகிறது. ஆனால் சேர்த்த அனுபவத்தில் ஒரு புள்ளியும் குறைவதில்லை. பொருள் இழக்கப்படும், கற்றது இழக்கப்படாது. தோற்றவனிடமிருந்து அவன் கற்றதைப் பறிக்காத அமைப்பு இது. இதைப் 'பணிவுப் பயிற்சி' என்று அழைப்பவர் பணிவையும் அறியவில்லை, பயிற்சியையும் அறியவில்லை.

இப்போது தேயிலைச் சரிவுக்கு வருவோம். கொழுந்து கிள்ளுவதும் திரும்பச் செய்தலே. ஒரே அசைவு, ஒரே புதர், நேற்று நின்ற அதே சரிவு. ஆனால் அங்கே ஒரு தராசு இருக்கிறது. பறித்த இலை தராசில் ஏறியதும் பறித்தவளிடமிருந்து பிரிகிறது. நாளொன்றுக்கு இவ்வளவு கிலோ என்ற அடிப்படை அளவை அவள் வகுக்கவில்லை. அந்த இலையின் விலையையும் அவள் வகுக்கவில்லை. முப்பது ஆண்டுகள் கிள்ளியவளின் விரல் பெற்ற நுட்பம் எந்தப் பேரேட்டிலும் 'நிலை' உயர்வாகப் பதிவாவதில்லை. ஓய்வு பெறும் நாளில் லயத்து வீட்டையும் அவள் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறது. அனுபவம் சேர்கிறது, ஆனால் சேர்த்தவளுக்கு அது வலிமையாகத் திரும்புவதில்லை. அங்கே வலுப்பெறுவது வேறொருவர்.

2015 செப்டம்பரில் மூணாற்றுத் தோட்டப் பெண்கள் சாலையில் அமர்ந்தபோது கேட்டது இதைத்தான். மிகை ஊதியம் குறைக்கப்பட்டதில் தொடங்கிய போராட்டம் அது. 232 ரூபாய் நாட்கூலி 500 ஆக வேண்டும் என்ற கோரிக்கையாக வளர்ந்து, தொழிற்சங்கத் தலைமைகளையே ஒதுக்கி நிறுத்தி, 'பெம்பிளை ஒருமை' என்ற பெயரைப் பெற்றது. 20 விழுக்காட்டு மிகை ஊதியம் கிடைத்தது. கூலி 301 ரூபாயில் நின்றது. அப்பெண்களின் சினம் வேலை திரும்பத் திரும்ப வருகிறது என்பதைப் பற்றியதன்று. உழைப்பின் பலன் யார் கணக்கில் ஏறுகிறது என்பதைப் பற்றியது.

இந்த வேறுபாட்டை அழித்துவிட்டு, ஓர் ஆட்டத்தில் ஸ்லைமைக் கொன்று புள்ளி சேர்ப்பதையும் சரிவில் கொழுந்து கிள்ளுவதையும் 'திரும்பச் செய்தல்' என்ற ஒரே சொல்லின் கீழ் அடுக்குவது கோட்பாட்டுக் கூர்மை ஆகாது. அது உழைப்பு என்ற சொல்லை மலிவாக்குகிறது. திரும்பச் செய்தல் மட்டுமே உழைப்புக்கு இலக்கணம் என்றால் வீணைப் பயிற்சியும் உழைப்புச் சுரண்டலே. தேவாரம் ஓதுதலும் கோலமிடுதலும் சுரண்டலே. அப்படிச் சொல்ல எவரும் துணியமாட்டார். ஆட்டத்தைப் பற்றி மட்டும் துணிகிறார்கள். காரணம், ஆட்டம் இன்னும் மதிப்புக்குரிய பொருளாக ஏற்கப்படவில்லை.

விளையாட்டும் உழைப்பும் கலக்கும் இடங்களே இல்லை என்பதன்று வாதம். ஜூலியன் கூக்லிக் 2005-இல் 'பிளேபர்' என்ற சொல்லாட்சியை முன்வைத்தபோது அவர் கருதியது, ஆட்டங்களைத் தம் ஓய்வு நேரத்தில் மாற்றியமைத்து மேம்படுத்தும் ரசிகர்களின் வேலை நிறுவனங்களின் இலாபமாக மாறுவதை. அங்கே தராசு உண்டு. இன்றைய செல்பேசிக் 'கச்சா' ஆட்டங்களிலும் உண்டு. நாள்தோறும் வந்து வருகையைப் பதியச் செய்து, குலுக்கல் முறையில் பொருள் விற்று, ஆடுபவரின் நேரத்தையும் பணத்தையும் தொடர்ந்து உறிஞ்சுகின்றன அவை. ஜப்பானின் நுகர்வோர் நலத்துறையே 2012-இல் தலையிட்டு 'முழுமைக் கச்சா' என்ற குலுக்கல் வகையைச் சட்டத்துக்குப் புறம்பானதாகக் கருதும் நிலை வந்தது. அங்கே 'உழைப்பு', 'சுரண்டல்' என்ற சொற்கள் பொருந்தும்.

1986-இன் கேசட்டில் அவை பொருந்தா. அதன் விலை 5,500 யென். விற்ற அன்றே கணக்கு முடிந்தது. வாங்கியவர் பத்து மணி நேரம் ஆடினாலும் நூறு மணி நேரம் ஆடினாலும் எனிக்ஸ் நிறுவனத்துக்கு ஒரு யென்கூடக் கூடுவதில்லை. ரோஜே கையுவா 1958-இல் விளையாட்டுக்கு வகுத்த இயல்புகளுள் ஒன்று, அது எதையும் உற்பத்தி செய்யாமல் முடிவது. பழைய கேசட்டின் அரைத்தல் அந்த இலக்கணத்துக்குள் முழுமையாக அடங்குகிறது. கச்சாவுக்கு எதிராகச் சொல்லவேண்டியதைக் கேசட்டின் மேல் ஏற்றிச் சொல்பவர் இரண்டையும் ஆடிப்பார்க்கவில்லை என்பதே வெளிப்படுகிறது.

இனிக் கடினம் என்ற பொருளுக்கு வரலாம். இங்கேதான் எதிர்த்தரப்பு ஓரளவு உண்மை பேசுகிறது. அந்த உண்மையை மறைப்பது நேர்மையாகாது.

1987 ஜனவரி 26-இல், ஏறத்தாழ எட்டு மாத இடைவெளியில், 'டிராகன் குவெஸ்ட் 2' வந்தது. இதைத் தொடக்கம் முதல் முடிவு வரை ஆடியவர் எவரும் ரோண்டார்கியா என்ற பெயரை மறப்பதில்லை. கடைசி எதிரிகள் வாழும் பனி மேட்டுக்குச் செல்லும் குகை அது. தரையில் கண்ணுக்குத் தெரியாத குழிகள், விழுந்தால் கீழ்த்தளம். ஒரு தளத்தில் வழி தவறினால் அதே பாதை முடிவின்றிச் சுழலும். அனைத்தையும் கடந்து வெண்பனியில் காலடி வைத்த நொடியில், ஒரே மந்திரத்தால் குழு முழுவதையும் சாகடிக்கும் எதிரிகளும், தம்மையே வெடித்து அனைவரையும் அழிக்கும் எதிரிகளும் காத்திருக்கின்றனர். அருகிலுள்ள சிறு கோயிலை அடையும்வரை சேமிப்புக்கு வழியில்லை. இறுதியில் வரும் சிடோ என்ற அழிவுக் கடவுள், வெல்லும் தறுவாயில் தன் காயம் முழுவதையும் ஆற்றிக்கொள்ளும். இவற்றுக்கு முன்பே, ஐந்து இலச்சினைகளுள் ஒன்றான சூரிய இலச்சினை, தரையில் எந்த அடையாளமும் இன்றி ஒளித்துவைக்கப்பட்டிருக்கிறது.

இந்தக் கடினம் முழுவதும் கலைநோக்கம் என்று சாதிப்பவர் பக்தர். இறுதிப் பகுதியைச் சமன்செய்து சோதிக்கக் காலம் போதவில்லை என்பதை உருவாக்கியவர்களே பின்னாளில் ஒப்பியிருக்கிறார்கள். ஆகவே கடினத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். மூன்று வகை இங்கே கலந்து கிடக்கின்றன.

முதலாவது, ஆக்கியவர் அளித்த கடினம். குகையின் சுழல்வழி, இளவரசி நாயாக மாற்றப்பட்டிருப்பதை ஊகித்துக் கண்ணாடி தேடுவது, மந்திரமே அறியாத முதல் இளவரசனையும் எளிதில் சாகும் மற்ற இருவரையும் சேர்த்து ஒரு குழுவாக இயக்குவது ஆகியன இவ்வகை. இதுவே நூலின் பொருள். இதை நீக்கினால் நூல் இல்லை.

இரண்டாவது, கருவியும் காலநெருக்கடியும் அளித்த கடினம். சோதிக்கப்படாத எதிரிகள் இவ்வகை. சேமிப்பு முறையும் இவ்வகை. இந்தக் கேசட்டில் மின்கலம் இல்லை. ஆட்டத்தை நிறுத்தும்போது 'மீட்பு மந்திரம்' என்ற எழுத்துக்கோவை திரையில் தோன்றும். அதைத் தாளில் எழுதி, மறுநாள் பிழையின்றித் திருப்பி உள்ளிட வேண்டும். முதல் ஆட்டத்தில் அது 20 எழுத்து. இரண்டாவதில் 52 வரை நீண்டது. மங்கலான தொலைக்காட்சியில் ஓர் எழுத்தின் தோளில் இருப்பது இரு சிறு கோடா, ஒரு சிறு வட்டமா என்று தெரியாமல் பிழையாக எழுதியவர்கள் பல நாள் பயணத்தை ஒரே எழுத்தில் இழந்தார்கள்.

தமிழ்த்துறை மாணவருக்கு இந்த அவலத்தை விளக்க வேண்டியதில்லை. ஓலைச்சுவடியில் புள்ளி இல்லை. எகர ஏகார வேறுபாடு இல்லை. காலும் ரகரமும் ஒரே வடிவம். ஏடெழுதியவர் கண் ஒரு நொடி தவறினால் பாட வேறுபாடு பிறந்தது. பதிப்பாசிரியர் ஆண்டுக்கணக்கில் அதனுடன் போராடினார். 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையரின் உழைப்பைப் போற்றும் அதே துறையில், ஓர் எழுத்துப் பிழையால் ஓர் உலகம் திறக்க மறுக்கும் நூலொன்று ஆய்வுக்குத் தகுதியற்றது என்று சொல்லப்படுவது விந்தை. பிரதி செய்தல், பிழை, மீட்பு ஆகியவற்றை இலட்சக்கணக்கான வீடுகளுக்குள் கொண்டுசென்ற ஊடகம் இது.

மூன்றாவது, சந்தையும் மொழியும் சுமத்திய கடினம். இதைப் பற்றி எவரும் பேசுவதில்லை. 'டிராகன் குவெஸ்ட்' முதன்மை வரிசை ஐரோப்பாவை எட்டியதே 2006-இல், எட்டாம் பாகத்துடன். இந்தியக் கடைகளில் 1990-களில் விற்றவை ஃபேமிகாமின் நகல் கருவிகள். பல ஆட்டங்களை ஒன்றாக அடைத்த கேசட்டுகள். துப்பாக்கியும் ஓட்டமும் கொண்ட ஆட்டங்கள் வந்தன. நாற்பது மணி நேரம் படித்து ஆட வேண்டியவை வரவில்லை. வந்திருந்தாலும் எம்மொழியில் வந்திருக்கும்? 1989-இன் அமெரிக்கப் பதிப்பு, ஷேக்ஸ்பியர் கால ஆங்கிலத்தைப் போலி செய்யும் நடையில் இருந்தது. 2014-இல் செல்பேசிக்கு வந்த ஆங்கிலப் பதிப்புகளும் பழைய நடையை விடவில்லை. வீட்டில் தமிழும் வெளியில் மலையாளமும் பேசி, ஆங்கிலத்தை மூன்றாம் மொழியாகக் கற்கும் மலைத்தோட்ட மாணவிக்கு ரோண்டார்கியாவின் குழிகளைவிட இந்த ஆங்கிலம் ஆழமான குழி.

முதல் வகைக் கடினம் காக்கப்பட வேண்டும். இரண்டாம் வகை பதிவு செய்யப்பட்டு விளக்கப்பட வேண்டும். மூன்றாம் வகை நீக்கப்பட வேண்டும். இம்மூன்றையும் குழப்பி, 'பழைய ஆட்டங்கள் வீண் கடினமானவை' என்று ஒரே வரியில் தள்ளுவதும், 'கடினமே பெருமை' என்று ஒரே வரியில் கொண்டாடுவதும் ஒரே சோம்பலின் இரு முகங்கள்.

மூன்றாம் வகையை நீக்க இயலாது, தமிழ் எழுத்துகள் பழைய ஆட்டத்தில் அடங்கா என்று ஒரு சமாதானம் சொல்லப்படுவதுண்டு. ஃபேமிகாமின் பின்னணித் திரைக்கு ஒரே நேரத்தில் கிடைப்பவை 256 கட்டங்கள். ஒவ்வொன்றும் எட்டுக்கு எட்டுப் புள்ளி. தமிழ் எழுத்துகள் 247. கணக்கு பார்த்தால் மலைப்பூட்டும். ஆனால் ஜப்பானியரும் ஆயிரக்கணக்கான கன்ஜியை வைத்துக்கொண்டு இதே சிக்கலைச் சந்தித்தார்கள். கனாவை மட்டும் எடுத்து, ஒலிக்குறிகளைத் தனிக் கட்டமாக எழுத்தின் மேல்வரியில் வைத்துத் தீர்த்தார்கள். தமிழின் கால், கொம்பு, புள்ளி ஆகியவற்றையும் அவ்வாறே பிரிக்கலாம். எழுத்துச் சீர்திருத்தம் பற்றி நூற்றாண்டாக விவாதித்த மொழிக்கு இது தீர்க்க முடியாத கணக்கன்று. பிற மொழிகளில் ரசிகர்கள் ஊதியமின்றிச் செய்த மொழிபெயர்ப்புகள் நூற்றுக்கணக்கில் உள்ளன. தமிழில் தடையாக இருப்பது இதைச் செய்யத்தக்க பணியாகக் கருதாத மனநிலை. கனடாவிலிருந்து 2023-இல் வெளிவந்த 'வெண்பா', ஒரு தமிழ்த் தாயின் கிழிந்த சமையல் குறிப்பேட்டையே புதிராக்கி உலகை ஆடவைத்தது. மொழி ஆட்டத்துக்குள் நுழையும் என்பதற்கு வேறு சான்று வேண்டா.

அடுத்து வருவது ஆய்வுமுறை பற்றிய குற்றச்சாட்டு. இன்று ஓர் ஆட்டத்தைப் பற்றிக் கட்டுரை எழுத யூடியூபில் பிறர் ஆடிய காட்சியை இரட்டை வேகத்தில் பார்த்தால் போதும் என்று கருதப்படுகிறது. கதைச் சுருக்கம் கிடைக்கிறது, படங்கள் கிடைக்கின்றன, மேற்கோளுக்கு ஹைசிங்கா இருக்கிறார். ஆடுவது எதற்கு?

இதே முறையில் ஒருவர் சங்கப்பாடல்களின் பொழிப்புரையை மட்டும் படித்துவிட்டு மூலத்தைப் பற்றி ஆய்வேடு அளித்தால் வாய்மொழித் தேர்வில் என்ன நிகழும்? உரை இழிந்ததன்று. தொல்காப்பியத்தை இளம்பூரணரும் சேனாவரையரும் இன்றி எவரும் எளிதில் கடந்ததில்லை. ஆட்டங்களுக்கும் உரைமரபு உண்டு. சூரிய இலச்சினையை 1987-இன் ஜப்பானியச் சிறுவர்கள் தனியாகக் கண்டுபிடிக்கவில்லை. பள்ளி முற்றத்து வதந்தி, இதழ்களின் குறிப்புகள், அண்ணன்மார்களின் நோட்டுப்புத்தகம் எல்லாம் சேர்ந்தே கண்டுபிடித்தன. கடினம் அவர்களைத் தனிமைப்படுத்தவில்லை, பேசவைத்தது. வழிகாட்டியைத் துணையாகக் கொள்வது உரையோடு மூலத்தைப் படிப்பது. மூலமே இன்றி வழிகாட்டியை மட்டும் படிப்பது வேறு.

பார்ப்பவருக்குக் கிட்டாத ஒன்று ஆடுபவருக்குக் கிட்டுகிறது. பனிமேட்டில் அடுத்த அடி வைக்கலாமா, திரும்பலாமா என்ற தீர்மானத்தின் எடை அது. பார்ப்பவர் திரும்பமாட்டார், காட்சி அவரை இழுத்துச் செல்லும். ஆடுபவர் திரும்ப முடியும். ஆகையால் தொடர்வது அவர் தெரிவு. இந்தத் தெரிவே இக்கலையின் தனி இலக்கணம். அதை உணராமல் எழுதப்படும் ஆட்ட ஆய்வு, நாடகம் பார்க்காதவரின் நாடக விமரிசனம்.

2025 அக்டோபரில் முதலிரு பாகங்களும் புதிய வடிவில் வெளியாயின. எங்கே செல்ல வேண்டும் என்று காட்டும் குறிகளும் எளிய ஆட்டமுறையும் அதில் உண்டு. நல்லதே. உடல் இடர்ப்பாடு உள்ளவர்களுக்கும் நேரமில்லாதவர்களுக்கும் அது வாயில். சிறுவர்க்கான இராமாயணச் சுருக்கத்தை எவரும் எரிப்பதில்லை. அச்சுருக்கத்தைப் படித்துவிட்டுக் கம்பனின் விருத்தம் பற்றி எழுதினால் மட்டுமே தட்டிக்கேட்க நேர்கிறது.

இறுதியாக, மிக வலுவான எதிர்வாதம் ஒன்று மீதமிருக்கிறது. நாற்பது மணி நேரம் யாரிடம் உள்ளது? சரிவில் எட்டு மணி நேரம் நின்று, லயத்துக்குத் திரும்பி, சமைத்து, துணி துவைக்கும் பெண்ணிடம் பனிமேட்டைப் பற்றிப் பேசுவது வசதி படைத்தவரின் சொகுசல்லவா?

கேள்வி நியாயமானது. ஆனால் அதிலிருந்து பெறப்படும் முடிவு நியாயமற்றது. நேரமில்லை என்பது அந்தப் பெண்ணின் இயல்பன்று, அவளுக்கு இழைக்கப்பட்டது. அவளுக்கு நேரமில்லை, ஆகவே அவள் மகளுக்கும் இந்த ஆட்டம் தேவையில்லை என்று முடிப்பவர் தோட்டத்துரையின் வாதத்தையே வேறு குரலில் பேசுகிறார். பயனுள்ளதை மட்டும் தொழிலாளியின் பிள்ளைக்கும் பயனற்ற அழகை மட்டும் பிறர் பிள்ளைக்கும் பங்கிடுவது பழைய வழக்கம். எட்டு மணி நேர வேலைக்காகப் போராடிய தொழிலாளர் இயக்கம் எட்டு மணி நேர ஓய்வை மட்டும் கேட்கவில்லை; தன் விருப்பப்படி செலவிட எஞ்சிய எட்டு மணி நேரத்தையும் கேட்டது. அந்த மூன்றாவது எட்டில் என்ன செய்வது என்பதை ஆய்வாளர் தீர்மானிக்கலாகாது.

பள்ளிவாசலின் மின்சாரம் இதை நன்கு உணர்த்துகிறது. 1940-இல் இங்கே பிறந்த மின்சாரம் மலையிறங்கிச் சமவெளியின் ஆலைகளுக்குச் சென்றது. ஆற்றருகே வாழ்ந்தவர்களின் லயங்களில் விளக்கெரிய நெடுங்காலம் ஆயிற்று. எங்கே உற்பத்தியாகிறதோ அங்கே கடைசியாக வந்துசேர்வது இந்த மலைக்குப் பழகிய நியதி. மின்சாரத்துக்கு நிகழ்ந்தது ஓய்வுக்கும் கலைக்கும் அறிவுக்கும் நிகழ வேண்டுமா? பல்கலைக்கழகம் அந்த நியதிக்குக் கோட்பாட்டு நியாயம் வழங்க வேண்டுமா?

ஆகவே செய்ய வேண்டியவை சில.

ஆட்டத்தை ஆயும் ஒவ்வோர் ஆய்வேடும் பதிப்பு விவரம் தர வேண்டும். எக்கருவியில், எந்த ஆண்டின் எம்மொழிப் பதிப்பு, முடிக்கப்பட்டதா, எவ்வளவு நேரம், எமுலேட்டரின் நினைவுச்சேமிப்பு பயன்பட்டதா, எந்த வழிகாட்டி என்பவை எழுதப்பட வேண்டும். துணைகளைப் பயன்படுத்துவது குற்றமன்று, மறைப்பதே குற்றம். சுவடி எண் தராத பாட ஆராய்ச்சியை ஏற்காத துறை இதையும் ஏற்கக் கூடாது.

நூலகங்கள் பழைய ஆட்டங்களைச் சேகரிக்க வேண்டும். அமெரிக்காவில் 2010-க்கு முன் வெளியான ஆட்டங்களுள் 87 விழுக்காடு இன்று விற்பனையில் இல்லை என்று வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை 2023-இல் கண்டறிந்தது. ஜப்பானின் தேசிய நாடாளுமன்ற நூலகம் 2000 முதல் ஆட்டங்களையும் சட்டப்படி பெறுகிறது. 1954-இன் இந்திய நூல் ஒப்படைப்புச் சட்டம் நூலுக்கும் பின்னர் நாளிதழுக்கும் மட்டுமே பொருந்துகிறது. கன்னிமாராவுக்கு ஒரு நாவல் வந்துசேரும்; ஓர் ஆட்டம் வராது.

தமிழாக்கம் ஒரு பட்டமேற்படிப்புத் திட்டப்பணியாக ஏற்கப்பட வேண்டும். எழுத்து, இடம், ஒலி, நடை ஆகிய நான்கையும் ஒரே நேரத்தில் சோதிக்கும் மொழிபெயர்ப்புப் பயிற்சி இதைவிட வேறு கிடைப்பது அரிது.

நான்காவது, எல்லாவற்றிலும் எளியது. உழைப்பு என்ற சொல்லை ஆட்டத்தின் மேல் ஏற்றுமுன் தராசு எங்கே இருக்கிறது, அதை யார் பிடித்திருக்கிறார் என்று கேட்க வேண்டும். தராசு இருந்தால் அந்தச் சொல்லைத் தயங்காமல் சொல்லலாம். இல்லையென்றால், கேசட்டைச் செருகி, குழிகளில் விழுந்து எழுந்து, சிடோவை வென்ற பிறகு எழுதத் தொடங்கலாம். முப்பது ஆண்டுகள் கொழுந்து கிள்ளியவர்களுக்கும் அந்த ஆட்டத்தை ஆக்கியவர்களுக்கும் ஒருசேரச் செலுத்தத்தக்க குறைந்தபட்ச மரியாதை அது.